எடை நிற்கும் பூ: உதிரிப்பூ ரகங்கள் எப்படிப் பிறக்கின்றன?

பெங்களூரு கே.ஆர். மார்க்கெட் பூமண்டியில் சம்பங்கி வாங்கப் போனால் பல நாள் இரண்டு குவியல் கண்ணில் படும். இரண்டும் வெள்ளை, இரண்டும் ஒற்றை அடுக்கு. ஒன்றில் மட்டும் மொக்கின் நுனியில் லேசாக ரோஸ் தடவினாற்போல் ஒரு சாயல் இருக்கும். கையில் அள்ளினால் கனம் தெரியும். "இது பிரஜ்வல் கண்ணு, எடை நிக்கும். அது நாட்டுப்பூ, பொடிசு" என்பார் கடைக்கார அக்கா. அவர் குடும்பம் தருமபுரிப் பக்கத்திலிருந்து வந்து இங்கே பூக்கடை வைத்துத் தலைமுறை கடந்துவிட்டது. அவர் சொன்ன 'எடை நிக்கும்' என்பதுதான் அந்த ரகம் பிறந்ததற்கே காரணம்.

பிரஜ்வல் இந்த ஊரில் பிறந்த ரகம். நகரத்தின் வடமேற்கே ஹெசரகட்டாவில் 1967 முதல் இயங்கும் இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கியது. இன்று அங்கிருந்து வெளிவரும் ரகங்களின் பெயருக்கு முன்னால் 'அர்கா' என்று சேர்க்கிறார்கள். விவசாயிகளும் வியாபாரிகளும் அதை விட்டுவிட்டு வெறும் பிரஜ்வல் என்கிறார்கள். சத்தியமங்கலம் பக்கம் சம்பங்கி போடுகிற யாரைக் கேட்டாலும் இந்தப் பெயர் தெரியும்.

பூச்செடிக் கலப்பினம் என்றதும் நமக்கு நினைவு வருவது நீல ரோஜாவும் கருப்பு டூலிப்பும்தான். உலகத்தின் பெரிய மலர் நிறுவனங்கள் உழைப்பது கொய்மலருக்காக: நீண்ட தண்டு, ஜாடியில் பத்து நாள் வாடாமல் நிற்கும் திறன், பெட்டியில் அடுக்கினால் கசங்காத இதழ். நம் தெருவில் விற்கும் பூவுக்குத் தண்டே கிடையாது. நாரில் கட்டுகிறோம், ஊசியில் கோக்கிறோம், கிலோ கணக்கில் நிறுக்கிறோம், முழம் போட்டு விற்கிறோம். ஆகவே இங்கே தேவைப்படும் குணங்களின் பட்டியலே வேறு, அதை வெளிநாட்டு நிறுவனம் எதுவும் நமக்காக எழுதித் தரப் போவதில்லை. இந்தப் பட்டியலைப் புரிந்துகொண்டால் பூக்களின் மரபியலில் பாதி புரிந்த மாதிரி என்பது என் எண்ணம்.

சம்பங்கியிலேயே தொடங்கலாம். மெக்சிகோவிலிருந்து வந்த செடி இது. ஒற்றை அடுக்கில் ஆறு இதழ்கள் ஒரே வரிசை. இரட்டை அடுக்கில் மூன்று வரிசைக்கும் மேல். ஒற்றை அடுக்குதான் சரத்துக்கும் வாசனை எண்ணெய் எடுக்கவும் போகிறது, இரட்டை அடுக்கு பூங்கொத்துக்கு. ஹெசரகட்டா ஆய்வாளர்கள் இந்த இரண்டையும் கலந்தார்கள். ஒற்றைக்கும் இரட்டைக்கும் பிறந்த நாற்றுகளிலிருந்து இரண்டு ரகங்கள் தேறின. ஒன்று ஷ்ருங்கார்: ஒற்றை அடுக்கு, உறுதியான கதிர், மொக்கில் இளஞ்சிவப்புச் சாயல். மற்றொன்று சுவாசினி: பல அடுக்கு, கொய்மலருக்கு ஏற்றது. பெற்றோர் வகை ஒன்றே, பிள்ளைகள் இருவேறு சந்தைக்குப் போனார்கள். ஷ்ருங்காரை மறுபடி மெக்சிகன் சிங்கிள் என்ற ரகத்தோடு கலந்தபோது வந்தது பிரஜ்வல். ஷ்ருங்காரைவிட இதன் ஒவ்வொரு பூவும் பெரியது, கனமானது.

இது எப்படி நடக்கிறது? ஒரு செடியிடம் ஒவ்வொரு குணத்துக்கும் மரபணுவின் இரண்டு பிரதிகள் இருக்கும், தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று. இரண்டும் ஒரே மாதிரி இருந்தால் பிள்ளைகள் சீராக இருக்கும். வேறுவேறாக இருந்தால், விதை உண்டாகும்போது அவை பிரிந்து ஒவ்வொரு விதைக்குள்ளும் ஒரு புது ஜோடி சேரும். கிழங்கு வழியே பெருக்கப்பட்ட சம்பங்கி, தன் மகரந்தத்தைத் தானே ஏற்றுக் காய்ப்பதும் அரிது என்பதால், அதற்குள் வேறுபட்ட பிரதிகள் கலைக்கப்படாமல் அப்படியே தங்கியிருக்கின்றன. கிழங்கு நட்டுக்கொண்டே இருக்கும்வரை அந்த வேறுபாடு வெளியே தெரியாது. ஒருமுறை கலந்து விதை எடுத்தால் அத்தனையும் வெளியே வந்துவிடும். நூற்றுக்கணக்கான நாற்றுகள், ஒன்றைப்போல் ஒன்று இருக்காது. அதில் பிடித்ததை எடுத்துக் கிழங்கால் பெருக்கிவிட்டால் அந்தச் சேர்க்கை அப்படியே நிலைத்துவிடும், அதன் பிறகு விதையின் சூதாட்டம் வேண்டியதில்லை.

தேர்ந்தெடுப்பதில்தான் சிரமம் இருக்கிறது. நிறம் போன்ற சில குணங்களை ஒன்றிரண்டு மரபணுக்களே தீர்மானிக்கும். மரபியலுக்கு அடித்தளமிட்ட மெண்டல் 1866இல் வெளியிட்ட பட்டாணிக் கட்டுரையிலேயே பூவின் நிறம் ஒரு குணமாக இருந்தது: இரண்டாம் தலைமுறையில் 929 செடிகள், அவற்றில் 705 ஊதாப் பூ, 224 வெள்ளைப் பூ. ஏறக்குறைய மூன்றுக்கு ஒன்று. ஆனால் பூவின் எடை அப்படி எண்ணக்கூடியதல்ல. பல மரபணுக்கள் ஆளுக்குக் கொஞ்சம் பங்கு போடும்; அதோடு மண்ணும் தண்ணீரும் எருவும் சேர்ந்துகொள்ளும். பாத்தியின் ஈரமான மூலையில் நின்ற நாற்று கனமாகப் பூத்தால் அது பிறவிக் குணமா, இடத்தின் தயவா? ஒரே செடியைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது.

கிழங்கில் வளரும் பயிருக்கு இங்கே ஒரு வசதி உண்டு. ஒரே நாற்றின் கிழங்குகளைப் பல பாத்திகளில், பல பருவங்களில் நடலாம். அவற்றின் மரபணு ஒன்றேதான். அதனால் அவற்றுக்குள் தெரியும் வேறுபாடு அத்தனையும் சூழல் தந்தது. அதைக் கழித்துவிட்டு, ரகத்துக்கும் ரகத்துக்கும் இடையில் மிஞ்சி நிற்கும் வேறுபாடுதான் மரபு தந்தது. நல்ல ரகம் ஒன்று வெளிவர ஆண்டுகள் பிடிப்பதற்குப் பெரிய காரணம் இந்தக் கழித்தல் கணக்கு. மகரந்தத்தைத் தூவும் வேலை ஒரு காலைப்பொழுதில் முடிந்துவிடும்.

விதையில் வளரும் பூவுக்கு இந்த வசதி கிடையாது. பெங்களூரில் ஆயுத பூஜைக்குக் கடை, ஆட்டோ, பேருந்து என்று எதைப் பார்த்தாலும் செண்டுமல்லிச் சரம். அல்சூரிலும் ஸ்ரீராமபுரத்திலும் பல வீடுகளில் அந்த மாலையைக் காயவைத்து, விதையை உதிர்த்து மாடித் தொட்டியில் போடுவார்கள். போன வருஷம் பந்துபோல் திரண்டிருந்த ஆரஞ்சுப் பூவின் பிள்ளைகளைப் பார்த்தால் ஒன்று முழங்கால் உயரம், ஒன்று இடுப்பு உயரம். ஒன்று அடர்ந்திருக்கும், ஒன்று நடுவில் மொட்டையாக ஒரே வளையம் இதழோடு பூக்கும். "மண்ணு சரியில்லை" என்று தொட்டியைக் குறைசொல்வார்கள். மண்மேல் தவறில்லை. சந்தைக்கு வந்தது பெரும்பாலும் முதல் தலைமுறைக் கலப்பின விதையில் வந்த பூ. இரண்டு சீரான பெற்றோரைக் கலந்தால் முதல் தலைமுறை முழுக்க ஒரே மாதிரி இருக்கும். அதன் விதையை எடுத்து விதைத்தால் மெண்டலின் பட்டாணிபோலக் குணங்கள் பிரிந்து சிதறும்.

ஒரு செண்டுமல்லியைக் கையில் பிய்த்துப் பாருங்கள். நாம் ஒரு பூ என்பது உண்மையில் நூற்றுக்கணக்கான குட்டிப் பூக்களின் கூட்டம். ஓரத்தில் நாக்குப்போல் நீண்டிருப்பவை ஒவ்வொன்றும் ஒரு பூ, அவற்றில் பெண் உறுப்பு மட்டும். நடுவில் குழாய்போல் இருப்பவற்றில் ஆண், பெண் இரண்டும். 'அடுக்கு' என்று நாம் விரும்பும் குணம், நடுக் குழாய்ப் பூக்கள் நாக்குப் பூக்களாக மாறியதால் வந்தது. முழுக்க மாறிவிட்டால் மகரந்தமே கிடையாது. விதை உற்பத்தியாளருக்கு இது பெரிய வரம். ஆண் உறுப்பை ஒவ்வொன்றாகக் கிள்ளி எறியும் கூலி மிச்சம். மகரந்தமில்லாத செடியைத் தாயாக வைத்து, பக்கத்தில் தந்தை வரிசையை நட்டால் போதும். ஹெசரகட்டாவின் அர்கா பங்காரா இப்படி மகரந்தம் இல்லாத மஞ்சள் ரகம். அதைத் தண்டை வெட்டி நட்டே பெருக்குகிறார்கள். ஆகவே விதை வாங்கும் தொல்லையும் இல்லை, பிள்ளைகள் சிதறும் தொல்லையும் இல்லை.

செண்டுமல்லியின் மஞ்சளும் ஆரஞ்சும் கரோட்டின் குடும்பத்து நிறமிகள். நிறமி கூடினால் ஆரஞ்சு, குறைந்தால் மஞ்சள், மிகக் குறைந்தால் வெளிறிய வெள்ளை. அமெரிக்க விதை வியாபாரி டேவிட் பர்ப்பி 1954இல் வெள்ளைச் செண்டுமல்லிக்குப் பத்தாயிரம் டாலர் பரிசு அறிவித்தார். 1975இல் அதை வென்றவர் அயோவா மாநிலத்தின் ஆலிஸ் வோங்க், வீட்டுத் தோட்டக்காரர். அவரிடம் ஆய்வகம் எதுவும் இல்லை. இருக்கிற பூக்களில் வெளிறியதன் விதையை மட்டும் வருஷா வருஷம் எடுத்து வைத்தார். மறைந்து கிடந்த வேறுபாட்டைப் பொறுமையாக ஒரே திசையில் தள்ளினால் என்ன கிடைக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

ஆனால் அந்தத் தள்ளலுக்கு எல்லை உண்டு. செண்டுமல்லியை எத்தனை தலைமுறை தேர்ந்தெடுத்தாலும் அது நீலமாகாது. நீலத்துக்கான வேதியியல் அதனிடம் இல்லை. ரோஜாவிலும் இதே சிக்கல்தான். நீலச் சாயலுக்கு டெல்ஃபினிடின் என்ற நிறமி வேண்டும். அதைச் செய்யும் நொதி ரோஜாவின் இதழில் கிடையாது. ஜப்பானின் சன்டோரி நிறுவனம் பான்சி மலரிலிருந்து அந்த மரபணுவை எடுத்து ரோஜாவுக்குள் வைத்து, 2004இல் அறிவித்து, 2009இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. வந்தது இளம் ஊதா. இதழின் உட்சாறு அமிலத்தன்மையோடு இருப்பதால், நிறமி கிடைத்தும் நீலம் முழுதாக வரவில்லை. நிறத்துக்கு நிறமியும் வேண்டும், அது மிதக்கும் சாறும் ஒத்துழைக்க வேண்டும்.

பெட்டுனியாவின் கதை இதைவிடச் சுவையானது. பெங்களூருக்கும் அதில் ஒரு தொடர்பு உண்டு: 1965இல் மன்மோகன் அத்தாவர் இங்கே தொடங்கிய இந்தோ-அமெரிக்கன் ஹைபிரிட் சீட்ஸ், கையால் மகரந்தம் சேர்த்து பெட்டுனியாக் கலப்பின விதை தயாரித்து வெளிநாடுகளுக்கு அனுப்பியது. கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரம், மிதமான வெயில், குளிர்ந்த இரவு, நுணுக்கமான கைவேலைக்குப் பழகிய பெண்கள். இவையெல்லாம் சேர்ந்ததால் அது சாத்தியமாயிற்று. அந்தப் பெட்டுனியாவில் இயற்கையாகச் செங்கல் நிற ஆரஞ்சு வராது, அதன் நொதி அந்த நிறமிக்கான மூலப்பொருளைத் தொடாது. 1987இல் ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் ஆய்வாளர்கள் மக்காச்சோளத்தின் மரபணு ஒன்றை வைத்து அந்த நிறத்தைக் கொண்டுவந்தார்கள். பல ஆண்டுகள் கழித்து ஹெல்சிங்கி ரயில் நிலையத்துக்கு வெளியே பூந்தொட்டியில் ஆரஞ்சுப் பெட்டுனியாவைப் பார்த்த தாவரவியலாளர் தீமு தேரிக்குச் சந்தேகம் வந்தது. சோதித்ததில் அந்த மக்காச்சோள மரபணு இருந்தது. அனுமதி இல்லாத மரபணு மாற்றப் பூக்கள் யாருக்கும் தெரியாமல் கலப்பினப் பாதைக்குள் புகுந்து நாடு நாடாக விற்றுக்கொண்டிருந்தன. 2017இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அவற்றைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று.

ஊதாவை அடர்த்தியாக்க நினைத்து நிறமி மரபணுவின் கூடுதல் பிரதியைச் செலுத்தியபோது பெட்டுனியா வெள்ளையாகப் பூத்ததும் நடந்தது, 1990இல். கூடுதல் பிரதி வந்ததும் செடி, தன்னுடையதையும் சேர்த்து இரண்டையும் அடக்கிவிட்டது. மரபணுக்களை மௌனமாக்கும் அந்த வழிமுறையைப் புழுக்களில் விளக்கியவர்களுக்கு 2006இல் நோபல் பரிசு கிடைத்தது. உயிரியலின் பெரிய கண்டுபிடிப்பு ஒன்றின் முதல் தடயம் ஒரு தொட்டிப் பூவில் இருந்தது என்பது எனக்கு எப்போதும் மகிழ்ச்சி தரும் செய்தி.

இனி விதையே இல்லாத பூக்கள். குண்டுமல்லி காய்ப்பது அரிது. கனகாம்பரத்தில் 'டெல்லி' என்று சந்தையில் சொல்லும் ரகம் மும்மடியம்: மரபணுக்களைத் தாங்கும் குரோமோசோம்களின் தொகுதி இரண்டுக்குப் பதில் மூன்று. மூன்றை இரண்டாகப் பங்கிட முடியாததால் விதை உருவாவதில்லை. தண்டு வெட்டி நட்டுத்தான் பெருக்க வேண்டும். விதைக்குச் செலவழிக்காத செடி பூத்துக்கொண்டே இருக்கும், விவசாயிக்கு லாபம். மறுபக்கம், வயல் முழுக்க ஒரே செடியின் பிரதிகள். வேரில் நூற்புழு ஒரு செடியைப் பிடிக்கத் தெரிந்துகொண்டால் அடுத்ததும் அதே செடிதான். ஹெசரகட்டாவில் அர்கா அம்பாரா, அர்கா கனகா என்று வேறு கனகாம்பரங்களை உருவாக்கியது எத்தனை அவசியமான வேலை என்பது இந்த இடத்தில்தான் புரியும்.

விதை இல்லாவிட்டால் புதிய வேறுபாடு எங்கிருந்து வரும்? கலப்புக்கு வழியில்லாததால் மரபணுவிலேயே நேரும் திடீர் மாற்றம்தான் கதி. கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் கோ.2 முல்லையும் கோ.2 பிச்சியும் மாற்றத்தைத் தூண்டிப் பெற்ற ரகங்கள். கோ.2 பிச்சியின் மொக்கு திரண்டிருக்கும், இளஞ்சிவப்புச் சாயலோடு காம்புக் குழாய் நீண்டிருக்கும். ஜாடியில் பூ வைப்பவருக்கு அந்தக் குழாய் நீளம் ஒரு பொருட்டே அல்ல. நாரில் முடிச்சுப் போட்டுக் கட்டுகிறவருக்கு அதுதான் எல்லாம்: குழாய் குட்டையாக இருந்தால் பூ நழுவும், கட்டும் கை மெதுவாகும், ஒரு நாள் கூலியில் முழம் குறையும். ஒரு மில்லிமீட்டர் மரபணு வேறுபாடு, சந்தையோரம் உட்கார்ந்து பூ கட்டும் பெண்ணின் வருமானத்தில் போய் நிற்கிறது.

திடீர் மாற்றம் தானாகவும் வரும். லால்பாக் பக்கம் நடக்கிறவர்கள் காகிதப்பூவில் ஒரே செடியில் வெள்ளையும் மெஜந்தாவும் கலந்து பூத்திருப்பதைப் பார்த்திருப்பார்கள். மேரி பாமர் என்ற அந்த ரகம் கிளை மாற்றத்தில் வந்தது. வளரும் நுனியில் ஒரு செல்லடுக்கு மட்டும் மாறி, மற்றவை பழையபடி இருப்பதால் இரண்டு நிறமும் அருகருகே வாழ்கின்றன. அதிலிருந்தே இலையிலும் வெளிர்நிறத் திட்டு விழுந்த திம்மா வந்தது. சாமந்தியில் இப்படிக் கிளை மாறுவது சகஜம். ஆறு தொகுதிகளாக 54 குரோமோசோம் இருப்பதால் ஒன்றில் நேரும் இழப்பை மற்றவை தாங்கிக்கொள்ளும், செடி சாகாமல் புது நிறத்தைக் காட்டும். ஓசூர், கிருஷ்ணகிரி சாலையில் இரவில் வயல் முழுக்க பல்பு எரிவதும் சாமந்தியின் மரபு காரணமாகத்தான். இரவு நீண்டால்தான் அது மொக்குவைக்கும். விளக்கைப் போட்டு இரவை உடைத்தால் செடி வளர்ந்துகொண்டே இருக்கும், பண்டிகைக்கு நாள் குறித்து விளக்கை நிறுத்தலாம். பகல் நீளத்தைப் பொருட்படுத்தாத ரகங்கள் பரவினால் அந்த மின்கட்டணம் மிச்சமாகும்.

ரோஜாவுக்கு வருகிறேன், ஏனென்றால் இழந்தது என்ன என்று அங்கேதான் தெளிவாகத் தெரிகிறது. ஐரோப்பிய ரோஜாக்களில் பெரும்பாலானவை முன்பு வருஷத்துக்கு ஒருமுறை பூத்தவை. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் சீன ரோஜாக்கள் அங்கே போய்ச் சேர்ந்த பிறகுதான் ஆண்டு முழுக்கப் பூக்கும் குணம் கலந்தது. பூப்பதை அடக்கி வைக்கும் மரபணுவுக்குள், இடம் விட்டு இடம் தாவும் மரபணுத் துண்டு ஒன்று புகுந்து அதைச் செயலிழக்க வைத்ததே காரணம் என்று 2012இல் கண்டுபிடித்தார்கள். அந்த ஒரு உடைப்பு இல்லையென்றால் ஓசூரில் ரோஜாத் தொழிலே இருந்திருக்காது.

ஆனால் ஓசூரிலும் பெங்களூரு ஊரகத்திலும் பசுமைக்குடிலில் வளர்ந்து காதலர் தினத்துக்கு விமானம் ஏறும் தாஜ்மஹால் சிவப்பு ரோஜாவை முகர்ந்து பாருங்கள். நம் பன்னீர் ரோஜாவின் வாசனைக்கு அது பக்கத்தில் வராது. பல தலைமுறைகளாக நிறம், தண்டின் நீளம், வாடாத நாட்கள் என்று கேட்டு ரோஜாவைத் தேர்ந்தெடுத்தார்கள். வாசனையைப் பற்றி யாரும் கேட்கவில்லை. கேட்காத குணம் தலைமுறைக்குத் தலைமுறை நழுவிப் போகும். ரோஜா வாசனைக்கு முக்கியமான நொதி ஒன்றை 2015இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் அடையாளம் கண்டார்கள். வாசனை குறைந்த ரகத்தில் அது மிகக் குறைவாகவே இயங்கியது. பன்னீர் ரோஜா பிழைத்திருப்பது மாலைக்கு வாசனை வேண்டும் என்று இன்னும் நாம் கேட்பதால். அதன் இதழ் ஒரே நாளில் உதிர்ந்துவிடுகிறது என்று பூக்கடைகள் அதைக் கைவிட்டால், அந்த மரபணுச் சேர்க்கையும் தோட்டங்களிலிருந்து போய்விடும். விதையாகச் சேமித்து வைக்க முடியாத செடிகளை உயிரோடு நிலத்தில் வளர்த்துத்தான் காக்க வேண்டும். பெங்களூரைச் சுற்றி நிலம் மனையாகிற வேகத்தில் இது எளிதான காரியமில்லை.

இதில் விவசாயிக்கு ஒரு இடம் இருக்கிறது, பலருக்கு அது தெரிவதில்லை. 2001ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் விவசாயிகள் உரிமைச் சட்டம், ரகத்தை உருவாக்கிய நிறுவனத்தோடு விவசாயியையும் ரகம் உருவாக்குபவராக ஏற்கிறது. பொதுவான பயிர்களுக்கு 15 ஆண்டும், மரம், கொடிகளுக்கு 18 ஆண்டும் பாதுகாப்பு உண்டு. விவசாயி ரகத்துக்குப் பதிவுக் கட்டணம் கிடையாது. விவசாயி ரகத்தில் சட்டம் பார்ப்பது மூன்று: மற்ற ரகங்களிலிருந்து வேறுபட்டு இருக்கிறதா, செடிக்குச் செடி சீராக இருக்கிறதா, பெருக்கும்போது மாறாமல் நிலைக்கிறதா. சாமந்தி வயலில் ஒரு கிளை மட்டும் வேறு நிறத்தில் பூத்தால், அதைப் பூவோடு பறித்து மண்டிக்கு அனுப்பிவிடாமல் அடையாளம் கட்டிவைக்க வேண்டும். பூ முடிந்ததும் அந்தக் கிளையில் மட்டும் தண்டு எடுத்துத் தனியே வேர்விட வைத்து, அடுத்த பருவத்தில் தாய்ச் செடியின் பக்கத்திலேயே நட்டுப் பார்க்க வேண்டும். பழைய நிறத்துக்குத் திரும்பும் செடிகளைக் களைந்துவிட்டு, மறுபடி தண்டு எடுத்து, நிறம் நிலைக்கிறதா என்று இன்னொரு பருவம் பார்த்த பிறகு, புகைப்படங்களோடும் நட்ட தேதிக் குறிப்போடும் பக்கத்து வேளாண் அறிவியல் நிலையத்துக்குப் போய்க் கேட்கலாம்.